பாலிகா பஜார் முதல் ஸ்டீம் வரை: பழைய கணினி விளையாட்டுகளின் மறுவருகை

தில்லியில் 2000-களில் கணினி வாங்கிய வீடுகளுக்கு விளையாட்டு வந்து சேர்ந்த வழி பெரும்பாலும் ஒன்றுதான். நேரு பிளேஸ் முற்றத்தில் துணி விரித்து உட்கார்ந்திருப்பவரிடமோ, கனாட் பிளேஸுக்கு அடியில் இருக்கும் பாலிகா பஜாரின் ஒடுங்கிய கடைகளிலோ போய் நிற்க வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் மங்கலான கலர் பிரிண்ட், உள்ளே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய சிடி. வைஸ் சிட்டி, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், கிரிக்கெட் 07. சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டும் பர்மா பஜாரும் செய்த வேலையைத் தலைநகரில் இந்த இரண்டு இடங்களும் செய்தன. செட்டப் ஓடி முடிந்ததும் சிடியில் ‘கிராக்’ என்றொரு ஃபோல்டரைத் திறந்து, அதிலிருக்கும் எக்ஸ்இ கோப்பை காப்பி செய்து, விளையாட்டு பதிவான இடத்தில் பேஸ்ட் செய்ய வேண்டும். ரீப்ளேஸ் செய்யலாமா என்று விண்டோஸ் கேட்டால் யெஸ் கொடுக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும் இந்த வரிசை மனப்பாடம்.

இதை எதிர்த்த போராட்டமும் தில்லியில்தான் நடந்தது. விற்பனைக் கணினிகளில் உரிமமில்லாத மென்பொருளை ஏற்றிக் கொடுத்த வியாபாரி மீது மைக்ரோசாப்ட் தொடுத்த வழக்கில், 2005-ல் தில்லி உயர் நீதிமன்றம் 19.75 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. திருட்டுப் பொருள் புழங்கும் சந்தைகள் என்று அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிடும் பட்டியலில் நேரு பிளேஸும் பாலிகா பஜாரும் வெவ்வேறு ஆண்டுகளில் இடம்பெற்றன. ஆனாலும் ஒரு தலைமுறையின் விளையாட்டு நினைவுகள் உருவானது இந்தச் சந்தைகளில்தான். அன்றைய ஆட்டங்களில் பல இப்போது சட்டப்படி, ரூபாய் விலையில், இணையக் கடைகளுக்குத் திரும்பி வந்திருக்கின்றன. சில அப்படியே வருகின்றன. சில ‘ரீமாஸ்டர்’ என்றும் ‘டெஃபினிடிவ் எடிஷன்’ என்றும் புதுப்பூச்சோடு வருகின்றன. இந்த மறுவருகையை வரவேற்பதா வேண்டாமா என்ற கேள்வியை அலசும்போது பலரும் படத்தின் தெளிவைப் பற்றியே பேசுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறொன்றை: புதியது வந்த பிறகு மூல ஆட்டம் என்ன ஆயிற்று?

மறுவெளியீடு தேவையே இல்லை, பழைய சிடி போதும் என்பவர்களுக்கு ஒரு தொழில்நுட்ப உண்மையைச் சொல்ல வேண்டும். இன்றைய 64 பிட் விண்டோஸில் டாஸ் கால 16 பிட் நிரல்கள் நேரடியாக ஓடாது. பள்ளிக் கணினி அறைகளில் நாம் விளையாடிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் டேஞ்சரஸ் டேவும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருளின் தயவில்தான் இன்று உயிர் பெறுகின்றன. 2000-களின் ஆட்டங்களுக்கு வேறொரு சிக்கல். நகலெடுப்பதைத் தடுக்க அவற்றில் பலவற்றின் சிடிகளில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. பாதுகாப்புக் குறை காரணமாக அந்தப் பூட்டுக்கான ஆதரவை 2015-ல் விண்டோஸ் 10 கைவிட்டது. முழு விலை கொடுத்து வாங்கிய அசல் சிடி மௌனமாகி, நேரு பிளேஸில் வாங்கிய கிராக் சிடி ஓடிக்கொண்டிருந்த நிலை இப்படித்தான் வந்தது. நிறுவனங்களே கிராக்கை நாடிய நிகழ்ச்சியும் உண்டு. 2008-ல் யூபிசாப்ட் தன் ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2 ஆட்டத்துக்குக் கொடுத்த அதிகாரபூர்வப் பேட்சில், ரீலோடட் என்ற திருட்டுக் குழு செய்த கிராக் கோப்பு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே பழைய ஆட்டத்தை இன்றைய கணினியில் தடையில்லாமல் ஓடும்படி ஒருவர் உட்கார்ந்து சரிசெய்து, அதற்குக் கூலி கேட்பது நியாயமான தொழில். அந்த உழைப்புக்குப் பணம் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

இந்தத் தொழிலை உருவாக்கியவர்கள் வந்த இடத்தைத் தில்லிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் நிறுவனத்தின் வேர் வார்சா நகரின் கணினிச் சந்தையில் இருக்கிறது. அங்கேயும் திருட்டுப் பிரதிகள்தான் விற்றன. வெளிநாட்டு ஆட்டங்களைச் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தவர்கள் 1994-ல் நிறுவனமாகப் பதிவானார்கள். 1999-ல் பால்டர்ஸ் கேட் ஆட்டத்தைப் போலிஷ் மொழியில் கொண்டுவந்தபோது, வழக்கு போட்டுத் திருட்டுப் பிரதியை ஒழிக்கலாம் என்று அவர்கள் நம்பியிருக்கவில்லை. பெட்டிக்குள் வரைபடம் உள்ளிட்ட பொருள்களை வைத்து, சந்தைப் பிரதியில் கிடைக்காத ஒன்றை வாங்குபவர் கையில் கொடுத்தார்கள். அதே நிறுவனம் 2008-ல் தொடங்கிய ஜிஓஜி தளம் பழைய ஆட்டங்களைப் பூட்டு எதுவுமில்லாமல் விற்கிறது. செட்டப் கோப்பை இறக்கி உங்கள் ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம், இணையமில்லாமல் ஓட்டலாம். 2024 நவம்பரில் 100 ஆட்டங்களோடு ஒரு பாதுகாப்புத் திட்டத்தையும் அறிவித்து, விண்டோஸ் மாறினாலும் அவை ஓடும்படி பார்த்துக்கொள்வோம் என்று உறுதி கொடுத்தார்கள். நேரு பிளேஸிலும் இதே அறிவு இருந்தது. எந்த கிராஃபிக்ஸ் கார்டில் எந்த ஆட்டம் ஓடும், எந்தப் பேட்ச் போட்டால் ஒலி வரும் என்று வாய்ப்பாடாக ஒப்பித்த கடைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களின் அறிவைச் சட்டப்படியான தொழிலாக மாற்ற இங்கே யாரும் முதல் போடவில்லை. பெரிய இழப்பு அது.

மறுவெளியீட்டின் நல்ல பக்கத்துக்கு என் சாட்சி ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. 1999-ல் வந்த ஆட்டத்தில் 13 நாகரிகங்கள். பிரிட்டன், சீனா, ஜப்பான், பாரசீகம், மங்கோலியா எல்லாம் உண்டு, இந்தியா இல்லை. அடுத்த ஆண்டு வந்த விரிவாக்கம் ஐந்து நாகரிகங்களைச் சேர்த்தது. அப்போதும் இந்தியா இல்லை. 2013-ல் எச்டி பதிப்பு வந்து, ரசிகர்கள் சொந்தமாகச் செய்துகொண்டிருந்த ஒரு மோட் அதே ஆண்டில் அதிகாரபூர்வ விரிவாக்கமாக ஏற்கப்பட்டபோதுதான் இந்தியர்கள் உள்ளே வந்தார்கள், பிருத்விராஜ் சௌகானின் கதையோடு. 2019 நவம்பரில் டெஃபினிடிவ் எடிஷன் வந்தது. 2022 ஏப்ரலில் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ வெளியாகி, அந்த ஒற்றை இந்தியாவைப் பிரித்து இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளிகள், திராவிடர் என்று நான்காக்கியது.

திராவிடரைத் தேர்ந்தெடுத்து ஆடிப் பாருங்கள். குடியானவனைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான். காலாட்படையில் உருமி வீசும் வீரன், துறைமுகத்தில் திரிசடை என்ற போர்க்கப்பல், ஆய்வுகளில் நம் ஊர் எஃகின் பெயரில் ஒன்று. கதைப் பகுதியில் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகள். சோழரையும் சேரரையும் பாண்டியரையும் திராவிடர் என்ற ஒரே பெயரில் மூட்டை கட்டியதில் எனக்கு மனக்குறை உண்டு. மூவேந்தரும் தமக்குள் நடத்திய போர்களை அந்த அமைப்பால் சரியாகக் காட்ட முடியாது. ஆனாலும் 1999-ன் ஆட்டம் அப்படியே உறைந்து கிடந்திருந்தால் இந்த விவாதத்துக்கே இடமிருந்திருக்காது. ஆட்ட இயல்பையும் அவர்கள் கவனமாகத் தொட்டார்கள். வயல் தீர்ந்துபோனால் தானாக மறுபடி விதைக்கும் வசதி போன்றவை வந்தன. கோட்டை கட்டுவதும் கல் வெட்டுவதும் பழைய கைப்பழக்கத்தோடு ஒத்துப்போகின்றன. எச்டி பதிப்பை வாங்கியவர்களிடம் அது இன்னும் இருக்கிறது. புதியது வந்ததால் பழையதை யாரும் பிடுங்கவில்லை.

ஸ்டார்கிராஃப்டில் இதைவிடத் தாராளம். 2017 ஆகஸ்டில் ரீமாஸ்டர் வருவதற்கு முன், ஏப்ரலிலேயே 1998-ன் மூல ஆட்டத்தை பிளிசார்ட் இலவசமாகக் கொடுத்துவிட்டது. 2020-ல் வந்த கமாண்ட் அண்ட் காங்கர் தொகுப்பில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பழைய படமும் புதிய படமும் மாறி மாறித் தெரியும். ஆட்டத்தின் முக்கிய நிரல் பகுதிகளையும் திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள்.

இப்போது மறுபக்கம். தில்லிப் பையன்கள் மிக அதிகமாக விளையாடிய ஆட்டங்களில் ஒன்று ஜிடிஏ வைஸ் சிட்டி. 128 எம்பி ராம் இருந்தால் ஓடும் என்பதால் அசெம்பிள் செய்த சாதாரணக் கணினியிலும் அது ஓடியது. ‘பான்சர்’ என்று தட்டினால் வானத்திலிருந்து டேங்க் விழும் என்பது நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்த அறிவு. வைஸ் சிட்டி, அதற்கு முந்திய ஜிடிஏ 3, பிந்திய சான் ஆண்ட்ரியாஸ் மூன்றையும் சேர்த்து 2021 நவம்பர் 11-ல் டெஃபினிடிவ் எடிஷன் வந்தது. விலை 60 டாலர், கேட்டது 8 ஜிபி ராம். வருவதற்கு முந்திய மாதமே மூல ஆட்டங்களைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கும் முன்பாக, ஜிடிஏ 3, வைஸ் சிட்டி இரண்டின் நிரலையும் தலைகீழாகப் பிரித்து இன்றைய கணினிகளுக்கு ஏற்பத் திரும்ப எழுதிய ரசிகர்கள் மீது, ஜிடிஏவின் உரிமையாளரான டேக் டூ நிறுவனம் அமெரிக்காவில் வழக்கு தொடுத்திருந்தது. வருடக்கணக்கில் அந்த ஆட்டங்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

வந்தது எப்படி இருந்தது? சான் ஆண்ட்ரியாஸில் தூரத்தை மறைத்த பனிமூட்டத்தை அகற்றிவிட்டார்கள். பழைய கணினியின் வலுவின்மைக்காக வைத்த அந்த மூட்டம்தான் மூன்று நகரங்களும் வெகு தொலைவில் இருப்பதாக நம்ப வைத்தது. அது போனதும் மலை மேல் நின்றால் முழு மாநிலமும் ஒரு பார்வைக்குள் அடங்கிவிட்டது. மழை வெள்ளைக் கோடுகளாக விழுந்து பாதையை மறைத்தது. பழைய பெயர்ப்பலகைகளைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் கூர்மையாக்கியதில் எழுத்துப் பிழைகள் புகுந்தன. இவற்றில் ஒன்று எனக்கு மிக வருத்தம் தந்தது. டோனட் விற்கும் ஒரு கடையின் மேல் இரும்பு நட்டைப் போல ஆறு முனையோடு ஒரு பெரிய வளையம் இருக்கும். கடையின் பெயரில் நட்டு இருப்பதால் வரைந்தவர் செய்த விளையாட்டு அது. புதிய பதிப்பில் முனைகளை மழித்து வட்டமாக்கிவிட்டார்கள். அதை ஏன் அப்படி வரைந்தார்கள் என்று யோசித்த ஒரு மனிதர் அந்தக் கோப்பைத் தொட்டிருந்தால் இது நடந்திருக்காது. கணினிப் பதிப்பு வெளியான உடனேயே சில நாட்கள் விற்பனையிலிருந்து இறக்கப்பட்டது. ஆட்டத்தை வெளியிட்ட ராக்ஸ்டார் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, மூல ஆட்டங்களைத் தன் கடையில் திரும்ப வைத்தது. பின்னாளில் பேட்சுகள் நிறைய சரிசெய்திருக்கின்றன. அதற்குள் முதல் நாள் பணம் கொடுத்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

பாட்டு உரிமை இன்னொரு புண். வைஸ் சிட்டியின் காரில் ஏறினால் ஒலித்த மைக்கேல் ஜாக்சன் பாடல்கள் பிற்கால இணையப் பதிப்பில் இல்லை. ஜிடிஏ 4-ன் சில பாடல்களுக்கான பத்தாண்டு உரிமம் 2018-ல் முடிந்ததும் அவை நீக்கப்பட்டன, ஏற்கெனவே வாங்கியவர்களின் கணினியிலும் கூட. 1980-களின் மயாமியை அந்தப் பாடல்கள் வழியாகத்தான் நாம் உணர்ந்தோம். அவற்றைக் கழித்த ஆட்டம் குறைப்பட்ட ஆட்டமே.

வார்கிராஃப்ட் 3-க்கு நடந்தது இன்னும் மோசம். 2002-ன் அந்த ஆட்டத்தை 2020 ஜனவரியில் ‘ரீஃபோர்ஜ்ட்’ என்று கொண்டுவந்தபோது, பழைய ஆட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்களும் இணையத்தில் ஆட வேண்டுமானால் புதிய மென்பொருளுக்கு மாறியே ஆக வேண்டியிருந்தது. தரவரிசை, கிளான் போன்ற பழைய வசதிகள் வெளியானபோது அதில் இருக்கவில்லை. புதியதை வாங்காதவரும் பழையதை இழந்தார். டோட்டா என்ற பெரும் ஆட்டமே வார்கிராஃப்ட் ரசிகர்கள் செய்த ஒரு வரைபடத்திலிருந்து பிறந்தது. ரீஃபோர்ஜ்டின் விதிகளோ இனி ரசிகர்கள் செய்வது எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்றன. 2021-ன் டயாப்லோ 2 மறுவெளியீடு அழகாக வந்தது, ஒரு பொத்தானில் பழைய படத்துக்கும் மாறலாம். ஆனால் கணினிகளை நேரடியாக இணைத்து ஆடும் டிசிபி ஐபி வசதியை எடுத்துவிட்டார்கள். ஒரே ஸ்விட்சில் நான்கு கேபிள் செருகி ஹாஸ்டல் அறையில் விடிய விடிய ஆடியவர்களுக்கு அதுதான் டயாப்லோ.

தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாட்டை விளக்கச் சினிமா உதவும். 1964-ன் கர்ணன் 2012-ல் டிஜிட்டலில் துலக்கப்பட்டுத் திரையரங்குக்கு வந்தபோது சிவாஜியின் முகத்தை யாரும் மாற்றி வரையவில்லை. கீறல்களைத் துடைத்தார்கள், ஒலியைத் தெளிவாக்கினார்கள், கூட்டம் அலைமோதியது. 2025 ஆகஸ்டில் தனுஷ் நடித்த அம்பிகாபதிக்கு நடந்தது வேறு. தனுஷின் பாத்திரம் இறந்துபோகும் முடிவை உரிமையாளர்கள் செயற்கை நுண்ணறிவால் மாற்றி, உயிர்பிழைக்க வைத்து வெளியிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள், பலனில்லை. சட்டப்படி உரிமை வைத்திருப்பவருக்கும் படைத்தவருக்கும் நடுவில் உள்ள அதே பள்ளம்தான் விளையாட்டுகளிலும் இருக்கிறது. படைத்தவர்களில் பலர் எப்போதோ நிறுவனத்தைவிட்டுப் போயிருப்பார்கள், கேட்க ஆளிருக்காது.

பணத்தையும் கணினியையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையக் கடைகளின் சேல் நாட்களில் பழைய ஆட்டங்கள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. திருட்டு சிடிக்கு இருந்த பொருளாதார நியாயம் அதனால் கரைந்துவிட்டது. இது மறுவெளியீட்டின் சாதனை. ஆனால் இணையக் கடையான ஸ்டீம் 2024 ஜனவரி முதல் விண்டோஸ் 7-க்கான ஆதரவை நிறுத்திவிட்டது. 2000-களின் ஆட்டத்தை ஓட்டத் தாராளமாகப் போதுமான ஒரு பழைய கணினியில், கடையின் மென்பொருள் ஓடாததால் ஆட்டத்தைத் திறக்க முடியாது. பணம் கொடுத்து நாம் வாங்குவதும் பொருளை அல்ல, பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே. கலிஃபோர்னியாவின் புதிய சட்டத்தை ஒட்டி 2024 இறுதியில் ஸ்டீமே தன் கார்ட் பக்கத்தில் இதை எழுதி வைக்க வேண்டியதாயிற்று. இந்தியாவில் வாங்குபவர்கள் ஸ்டீம், ஜிஓஜி இரண்டு இடத்திலும் ஒரே ஆட்டம் கிடைத்தால், கோப்பைக் கையில் கொடுக்கும் கடையில் வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இதுவரை பேசியது திரும்பி வந்தவற்றைப் பற்றி. திரும்பி வராதவைதான் பெரும்பாலானவை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. காரணம் பெரும்பாலும் உரிமைச் சிக்கல். சிஸ்டம் ஷாக் 2-ன் உரிமை அதைச் செய்த நிறுவனம் மூடிய பிறகு ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் போய்க் கிடந்தது. ஸ்டீபன் கிக் என்பவர் தேடிப் பிடித்து உரிமம் வாங்கியதால்தான் 2013-ல் அது ஜிஓஜிக்கு வந்தது, நைட்டைவ் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனமும் அதிலிருந்து வளர்ந்தது.

நம் நாட்டில் இதற்குத் தலையாய உதாரணம் கிரிக்கெட் 07. ஈஏ ஸ்போர்ட்ஸுக்காக கனடாவின் எச்பி ஸ்டூடியோஸ் செய்து 2006 நவம்பரில் வெளியானது. ரிச்சி பெனோவும் மார்க் நிக்கோலஸும் வர்ணனை. உரிமம் வாங்காத அணிகளில் ஆட்டக்காரர் பெயர்கள் திரிந்திருக்கும், முதல் வேலையாக அவற்றைத் திருத்துவோம். அதற்குப் பிறகு ஈஏ கிரிக்கெட் ஆட்டமே செய்யவில்லை. எந்த இணையக் கடையிலும் இது விற்பனைக்கு இல்லை. வாரியங்கள், ஆட்டக்காரர்கள் என்று ஒவ்வொருவரிடமும் உரிமம் புதுப்பிக்க வேண்டும் என்பதால் வரும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. ஆனால் ஆட்டம் சாகவில்லை. 2008-ல் ஐபிஎல் தொடங்கியதிலிருந்து ரசிகர்கள் புதிய அணிகளையும் சட்டைகளையும் மைதானங்களையும் பேட்சாகச் செய்து ஏற்றி வருகிறார்கள். ஆட்டம் வெளியானபோது பிறந்தேயிராத பையன்கள் இன்று அதில் சென்னைக்காக மட்டை பிடிக்கிறார்கள். சம்பளமில்லாத இந்த உழைப்பு முழுக்கச் சட்டத்தின் நிழலில் நடக்கிறது.

இந்தியாவிலேயே செய்த ஆட்டங்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. கார்கில் போரை ஒட்டி இந்தியாகேம்ஸ் செய்த யோத்தா, 2000-களின் தொடக்கத்தில் வந்த பகத் சிங் ஆட்டம், 2008-ல் ஹைதராபாத் எஃப்எக்ஸ் லேப்ஸ் செய்த கஜினி. முருகதாஸின் தமிழ்ப் படத்திலிருந்து கிளம்பி இந்தி வழியாக வந்த கதை அது. இவை உலகத்தரத்தில் இருந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணினி விளையாட்டு செய்யக் கற்றுக்கொண்டிருந்த ஒரு நாட்டின் முதல் எட்டுகள். ஸ்டீமிலும் இல்லை, ஜிஓஜியிலும் இல்லை. விற்காது என்பதால் யாரும் மறுவெளியீடு செய்யப் போவதில்லை. வியாபாரத்திடம் மட்டும் ஒப்படைத்தால் எது மிஞ்சும், எது போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். முதல் தமிழ்ப் பேசும் படமான 1931-ன் காளிதாஸை நாம் தொலைத்ததும் இப்படித்தான். திரைப்படத்துக்காக 1964-ல் புனேயில் ஒரு ஆவணக் காப்பகமாவது வந்தது.

நூல்களுக்கும் ஏற்பாடு இருக்கிறது. 1954-ன் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போக வேண்டும். தில்லி பொது நூலகமும் அவற்றில் ஒன்று. மென்பொருளுக்கு அந்தக் கடமை இல்லை. ஒரு நூலகம் தானாக முன்வந்து பாதுகாக்க நினைத்தாலும் பதிப்புரிமைச் சட்டம் வழிவிடுவதில்லை. 2012 திருத்தத்தில், வணிக நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்று சேர்த்தார்கள். அதற்கு நிபந்தனை, அந்தப் படைப்பின் மின்வடிவமல்லாத பிரதி நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். சிடியில் பிறந்த விளையாட்டுக்கு அப்படி ஒரு பிரதி எங்கிருந்து வரும்? பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கும் 65ஏ பிரிவும் அதே திருத்தத்தில்தான் வந்தது. மென்பொருளைச் சட்டப்படி வைத்திருப்பவர் காப்பு நகல் எடுத்துக்கொள்ள விலக்கு உண்டு, ஆனால் அது தனிமனிதரின் பயன்பாட்டுக்கு, பொதுச் சேமிப்புக்கு அல்ல. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுகளுக்கென்று தனிச் சட்டமே நிறைவேற்றியது. பண விளையாட்டைத் தடுக்கவும் இ ஸ்போர்ட்ஸை ஏற்கவும் நேரம் ஒதுக்கியவர்கள், விளையாட்டுகளைப் பாதுகாக்கும் நூலகத்துக்கு விலக்கு தரும் ஒரு திருத்தத்தையும் கொண்டுவர முடியும்.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவைப் படைத்த ஜோர்டன் மெக்னரின் மூல நிரல் தொலைந்தது என்றே பல ஆண்டு நினைத்திருந்தார்கள். 2012-ல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியில் பழைய டிஸ்க் பெட்டியைக் கண்டெடுத்தார், மெக்னர் அதை மீட்டு உலகத்துக்கே திறந்து வைத்தார். 1990-களிலும் 2000-களிலும் மும்பையிலும் ஹைதராபாத்திலும் தில்லியைச் சுற்றியும் விளையாட்டு செய்தவர்கள் வீடுகளிலும் அப்படிப்பட்ட டிஸ்க்குகள் இருக்கும். எழுதக்கூடிய சிடியில் தகவலைத் தாங்கும் சாயம் வெப்பத்திலும் ஈரத்திலும் வெளுத்துப்போகும், தில்லியின் மே மாதம் 45 டிகிரியைத் தொடும். உரிமை யாருடையது என்ற வழக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அந்த சிடிகளை இந்த ஆண்டே எடுத்து, ஐஎஸ்ஓ கோப்பாக ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, பெட்டி அட்டையையும் கையேட்டையும் ஸ்கேன் செய்து, யார் யார் வேலை செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும்.